மூடிய பின்னும் கேட்ட தறி

ஒரு தறியின் ஓசை யாருக்குச் சொந்தம்? தெருவில் போகிறவர் காதிலெல்லாம் விழுகிற ஒன்றுக்கு உரிமையாளர் என்று ஒருவர் இருக்க முடியுமா? கல்லூரிக் காலத்திலிருந்து ஒப்புதல், தனியுரிமை, பொறுப்பு என்றெல்லாம் ஓயாமல் பேசிவந்தவள் நான். ஆனாலும் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நான் பிறந்து வளர்ந்த தெருவின் ஓசையைப் பற்றி இப்படிக் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. கேட்க வைத்தவர் என் பெரியப்பா மகன், என் அண்ணன்.

அவரை நினைக்கும்போது முதலில் கண்முன் வருவது ஓர் இளஞ்சிவப்புச் சோப்பு டப்பா. எதிர்வீட்டு அத்தையின் தறியில், ஊடை நூலை அடித்து இறுக்கும் பலகையின் ஓரத்தில் அதைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே விரல்நுனி அளவுள்ள உணர்கருவியும் ஒரு மின்கலமும் இருந்தன. பலகை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அது ஒரு துளித் தரவைப் பதிவுசெய்யும். அத்தை எங்களுக்கு உறவு முறையில் அத்தை அல்ல, தெரு முறையில் அத்தை. இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தவர், "இன்னாபா இது, சோப்பு டப்பாவக் கொண்டாந்து கட்டிக்கினு இருக்கற? தறியக் குளிப்பாட்டப் போறியா?" என்றார். "ஆமா அத்தை. குளிப்பாட்டி, பவுடர் போட்டு, அமெரிக்காவுக்கு அனுப்பப் போறேன்" என்றார் அண்ணன். தறிக்குழியில் உட்கார்ந்திருந்த அத்தையின் கணவர், எங்கள் மாமா, சிரித்த சிரிப்பில், ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா அவர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

அமெரிக்கா என்றது வெறும் கேலியல்ல. தொலைதூரத்திலிருந்து கல்யாணச் சேலைக்குச் சொல்லி வைக்கிறவர், அது இழை இழையாக வளர்வதைத் தம் கைபேசியில் பார்க்கலாம். திரையின் ஓரத்தில் நெய்கிறவரின் பெயர் இருக்கும். அண்ணன் தொடங்கியிருந்த நிறுவனத்தின் திட்டம் இதுதான். காஞ்சிபுரம் சேலைக்கு ஊர்ப் பெயர் உண்டு, கடைப் பெயர் உண்டு, நெய்தவர் பெயர் மட்டும் கிடையாது, அதை நாம் மாற்றிக் காட்டலாம் என்றார் அவர். சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு, நகல் கடைக்கு மேலே இருந்த அவருடைய இரண்டு அறை அலுவலகத்துக்கு நான் வந்தது அந்த ஒரு வாக்கியத்துக்காக. இன்று திரும்பிப் பார்க்கும்போதும் அந்த வாக்கியத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. சொன்னவர் அதை நம்பித்தான் சொன்னார் என்றே இப்போதும் நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுவது கடினமாக இருக்கிறது.

எங்களுக்கு அவர் விளையாட்டுகளின் தலைவராக இருந்த காலம் ஒன்று உண்டு. தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஆடிய ஓர் ஆட்டத்தை வேறெந்த ஊரிலும் ஆடியிருக்க மாட்டார்கள். ஒரு வீட்டுச் சுவருக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். உள்ளே ஓடும் தறியின் ஓசையைக் கேட்டு, நெய்வது யார், ஒருவரா இருவரா, இப்போது எழுந்து போனது யார் என்று சொல்ல வேண்டும். கோர்வைச் சேலைக்குக் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டும் ஒவ்வோர் இழையிலும் கோத்துக்கொள்ள வேண்டுமென்பதால், நெய்கிறவருக்குப் பக்கத்தில் மற்றொருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா போடுவார். இருவர் இருந்தால் அடி சீராக விழும். ஒருவரே நெய்தால் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஒரு சிறு காத்திருப்பு இருக்கும். அது, அவர் மறுகரைவரை சாய்ந்து நாடாவைப் போட்டுவிட்டு நிமிரும் நேரம். எங்களில் பலர் அதைக் குத்துமதிப்பாகச் சொல்வோம். அண்ணன் தவறியதே இல்லை. "ஒத்த ஆளு. மாமா டீ குடிக்கப் போயிட்டாரு" என்பார். நாங்கள் ஓடிப்போய் எட்டிப் பார்த்தால் மாமாவின் இடம் காலியாக இருக்கும். அத்தை உள்ளிருந்தபடியே, "தே, காதா இது பாம்புச் செவியா? ஒரு ரகசியம் பேச முடியுதா இந்தத் தெருவுல!" என்று திட்டுவார்.

எங்கள் மென்பொருளின் முதல் வடிவம் ஒழுங்காக வேலை செய்யவில்லை. சேலைக்குச் சொல்லி வைத்தவரின் கைபேசி, "புதிதாக ஏதாவது வந்ததா, வந்ததா" என்று எங்கள் சேவையகத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். சமைத்து முடிவதற்குள் அடுக்களைக்கு வந்து வந்து பார்த்துப் போகிற பிள்ளையைப் போல. நெய்கிறவர் வேலை முடிந்து பொத்தானை அழுத்தினால்தான் அன்றைய அடிகள் எல்லாம் மொத்தமாகப் போய்ச் சேரும். எனவே திரையில் சேலை நாளெல்லாம் அசையாமல் கிடந்து, மாலையில் திடீரென்று ஒரு முழம் வளர்ந்து நிற்கும். வாங்குபவர்கள் இது பொய் என்றார்கள். கேட்காமலேயே, அடிக்க அடிக்க, தரவு ஓடையாக ஓடிவரும்படி இடைமுகத்தை மாற்றி அமைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த மறுவடிவமைப்பு என் பொறுப்பில் வந்தது.

எழுதத் தொடங்கிய பிறகுதான் ஒரு விஷயம் எனக்கு முழுமையாக உறைத்தது. மொத்தமாக அனுப்பும்போது போய்ச் சேர்வது வேலையின் விளைவு. ஓடையாக அனுப்பும்போது போய்ச் சேர்வது வேலை செய்கிறவரின் நேரம். எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார், எந்த வேளையில் கை தளர்ந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். துணி வளர்வதைக் காட்டுகிறோம் என்ற பெயரில் ஒரு குடும்பத்தின் பகல் முழுவதையும் காட்டிவிடுவோம். இதை அண்ணனிடம் சொன்னபோது பெரிய வாதத்துக்குத் தயாராகத்தான் போனேன். அவரோ நான் சொல்லி முடிப்பதற்குள் ஒப்புக்கொண்டார். "கரெக்டுமா. கொழா அவங்க கையிலதான் இருக்கணும். தெறக்கறதும் அவங்க, மூடறதும் அவங்க." அன்றிலிருந்து அலுவலகத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்வார். கொழா அவங்க கையில. நான் அதை எங்கள் இருவரின் கொள்கை என்று எண்ணிப் பெருமைப்பட்டேன்.

ஆகவே புதிய பெட்டியில் ஒரு விசை வைத்தோம். திறந்தால் பச்சை விளக்கு எரியும், அடிகள் ஓடும். மூடினால் விளக்கு அணையும், ஓடை நின்றுவிடும். அண்ணன் ஒன்று மட்டும் கேட்டார். மூடியிருக்கும்போது பெட்டி பழுதாகிவிட்டதா, வேண்டுமென்றே மூடியிருக்கிறார்களா என்று நமக்குத் தெரியாதே, 'இருக்கிறேன்' என்ற ஒரு சொல்லையாவது அது அனுப்பிக்கொண்டிருக்கட்டும் என்றார். எங்கள் தொழிலில் இதை ஹார்ட்பீட் என்போம். கேட்டது நியாயம். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதையும் சுமக்காதபடி அதை நானே எழுதிக் கொடுத்தேன்.

பட்டுக் கடைக்காரர்கள் வாங்கிக் கொடுத்த பெட்டிகளைத் தறிகளில் பொருத்துவதற்கு முன் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் எல்லோரையும் கூட்டினோம். பேசச் சொல்லி அண்ணன் என்னைத்தான் முன்னால் தள்ளினார். நான் விளக்கி முடித்ததும் கேள்விகள் கிளம்பின. "அமாவாசைக்கு நாங்க தறியத் தொட மாட்டோம். அன்னிக்கு உன் பொட்டி இன்னா பண்ணும்?" என்றார் ஒரு பெரியவர். "அதுவும் லீவு எடுத்துக்கினு தூங்கும் தாத்தா" என்றேன். "நாங்க புருஷன் பொண்டாட்டி சண்ட போடறதும் அமெரிக்காவுல கேக்குமா?" என்று ஒரு குரல் வர, "உங்க சண்டைக்குப் பொட்டி எதுக்குமா, சும்மாவே கேக்கும்" என்று இன்னொரு குரல் அதை முடித்துவைத்தது. சிரிப்பு அடங்கியதும் அத்தை மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "மூடிட்டா ஒண்ணும் போவாதுல்ல?" நான் சொன்னேன்: "மூடிட்டா ஒண்ணும் போவாது அத்தை." அண்ணன் என் பக்கத்தில் நின்று தலையசைத்தார். "பாப்பா சொன்னா சரியா இருக்கும்" என்றார். அன்று அந்த மண்டபத்தில் அவர் வாயால் சொன்னது அது ஒன்றுதான் என்பதை வெகுநாள் கழித்தே கவனித்தேன்.

மாமா ஓரிக்கைப் பக்கம் வண்டியிலிருந்து விழுந்தது மழைக்காலத்தில். எலும்பு முறியவில்லை, ஆனால் வலது தோளைத் தூக்க முடியவில்லை. கை அசையாதவரால் நாடா போட முடியாது. தறியிலோ ஒரு முகூர்த்தச் சேலை பாதியில் நின்றது. அத்தை இரண்டு பக்கத்தையும் தாமே நெய்யத் தொடங்கினார். அப்போதெல்லாம் பெட்டியை மூடிவைத்தார். வாரக் கடைசியில் வாலாஜாபாத்திலிருந்து அவர் தங்கை வந்து பக்கத்தில் உட்காரும்போது மட்டும் பச்சை விளக்கை எரியவிட்டார். சில நாள் கழித்து எதற்கோ அவர் வீட்டுக்குப் போனபோதுதான் நான் இதைப் பார்த்தேன். மாமா சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அத்தை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "யார்கிட்டயும் மூச்சு வுட்றாதமா. சேல நல்லா வந்துக்கினு இருக்குது, ஒரு கொறையும் வராது. ஆனா ஒத்த ஆளுன்னு கடைக்காரருக்குத் தெரிஞ்சா அடுத்த பாவு வராது." பாவு என்பது தறியில் ஏற்றுகிற நீளப் பட்டு நூல். கடைக்காரர் அதைக் கொடுத்தால்தான் தறி ஓடும். ஒரு பாவு முடிந்து அடுத்தது வராவிட்டால், தறி வீட்டில் இருந்தும் வேலை இருக்காது. தோள் சரியாகும்வரை பாவு நிற்காமல் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய வேண்டுதல். நான் என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

சேலை முடிந்தது. அத்தையே அதைக் கடைக்கு எடுத்துப் போனார். பகல் பொழுதில் திரும்பி வந்தவர் தம் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"நீ சொன்னியாமா?" என்றார்.

"எத அத்தை?"

"சேலையப் பிரிச்சுப் பாத்தாரு. நல்லா இருக்குதுன்னாரு. அப்புறம் சொல்றாரு, 'ஒத்த ஆளா நெஞ்சிக்கினு இருக்கறியாமே, பாவம், மறுபடி ரெண்டு ஆளானதும் வாங்க'ன்னு. பாவு குடுக்கல. உன்னையும் என் தங்கச்சியையும் வுட்டா யாருக்குமா தெரியும்?"

"சத்தியமா நான் சொல்லல."

"எந்த நாள்லேந்துன்னு தேதி சொல்றாரு. அது மாமா வுழுந்த மறுநாளு."

மாமா விழுந்த செய்தியே எனக்குச் சில நாள் கழித்துத்தான் தெரியும். எந்த நாளிலிருந்து அத்தை ஒற்றை ஆளாக நெய்தார் என்பது எனக்கே தெரியாதபோது, கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அதை அத்தையிடம் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் தெருவைக் கடந்து போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்தபடி நின்றபோது, யார் சொல்லியிருப்பார் என்ற கேள்வி மெல்ல மெல்ல எது சொல்லியிருக்கும் என்று மாறியது.

மறுநாள் காலை, அலுவலகத்தில், பெட்டிகளில் உண்மையாக ஓடிக்கொண்டிருந்த நிரலைத் திறந்து பார்த்தேன். நான் எழுதிய ஹார்ட்பீட் அங்கே இருந்தது. 'இருக்கிறேன்' என்ற சொல்லுக்குப் பின்னால், நான் எழுதாத ஒரு வரி சேர்ந்திருந்தது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலான நேரம். விசை மூடியிருந்தாலும் அது போய்க்கொண்டிருந்தது. சேவையகத்தின் பக்கம், அந்த இடைவெளிகளை வாங்கிப் படிக்கிற ஒரு சிறு பகுதி இருந்தது. அடி சீராக விழுந்தால் இருவர். அடிக்கு முன்னால் காத்திருப்பு இருந்தால் ஒருவர். எழுந்து போனதற்கும், நூல் அறுந்து முடிச்சுப் போடுவதற்காக நின்றதற்கும்கூட அதில் வேறுபாடு வகுக்கப்பட்டிருந்தது. அறிந்ததைக் கடைக்காரர்கள் தங்கள் திரையில் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு வாசலும் இருந்தது. எவ்வளவு நேர்த்தியான வேலை! நான் படித்த எந்த நூலிலும் இல்லாத கணக்கு அது. வெளியூரிலிருந்து வந்த எந்தப் பொறியாளராலும் அதை எழுதியிருக்க முடியாது. எங்கள் தெருவில், ஒரு சுவருக்கு வெளியே, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரால்தான் முடியும்.

அண்ணன் வந்ததும் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மூடினா எதுவும் போவாதுன்னு சொன்னோம்ணா."

"எதுவும் போவலியே. படம் போவல. சேல எவ்ளோ வளந்துச்சுன்னு போவல. சத்தந்தாமா போவுது. அது தெருவுல போறவன் காதுலயும்தான் வுழுது."

"தெருவுல போறவன் அத எடுத்துக்கினு போய்க் கடைக்காரர்கிட்ட குடுக்க மாட்டான்."

"பொட்டிய வாங்கி வெச்சது அவரு. பட்டு அவரு குடுக்கறாரு. கல்யாணத்துக்குச் சேல போய்ச் சேருமா சேராதான்னு அவரு தெரிஞ்சிக்கக் கூடாதா? நாளைக்கு முகூர்த்தம் தவறிச்சின்னா அந்தப் பொண்ணு வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? நீ ஒரு பக்கமே பாத்துக்கினு பேசற."

அந்தக் கேள்வி முழுப் பொய்யல்ல. கடைக்காரருக்கும் ஒரு கவலை உண்டு, அதற்கும் ஒரு நியாயம் உண்டு. அதை மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லி, "இதற்குச் சம்மதமா" என்று கேட்டிருந்தால் நானும் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். சிலர் சம்மதித்திருக்கவும் கூடும்.

"அப்ப அத நீயே மண்டபத்துல சொல்லியிருக்கலாமே. என்ன ஏன் பேச வெச்ச?"

அண்ணன் சிரித்தார். கேலிச் சிரிப்பல்ல அது, உண்மையான அன்போடுதான் சிரித்தார். "நா சொன்னா நம்புவாங்களாமா? நா வியாபாரி. நீ சொன்னாத்தான் பொட்டிய மாட்ட வுடுவாங்க. தெருவுலயே நல்ல பேரு உனக்குத்தான்."

அதைப் பாராட்டாகவே சொன்னார். நான் எழுதிய நிரலில் அவர் சேர்த்தது ஒரு வரி. அதைவிடப் பெரிதாக, என் பெயரையே அவர் ஒரு கருவியாகப் பொருத்தியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டிகள் தறிகளில் ஏறுவதற்கு முன்பே நான் அவர் கையில் ஏறியிருந்தேன். "கொழா அவங்க கையில" என்று அவர் அவ்வளவு விரைவாக ஒப்புக்கொண்டதும், மண்டபத்தில் அவர் ஒரு வாக்கும் கொடுக்காமல் தலையை மட்டும் அசைத்ததும், எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் வந்து நின்றன. மேசையில் இருந்த என் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கீழே நகல் கடைக்காரர், "இன்னாமா, இன்னிக்குச் சீக்கிரம்?" என்றார். 

அன்றே வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னேன். சிலர் பெட்டியைக் கழற்றிப் பட்டென்று தரையில் வைத்தார்கள். சிலர் கேட்டுக்கொண்டு மீண்டும் தறியில் போய் உட்கார்ந்தார்கள். ஒருவர், "கழட்டிட்டா கடைக்காரரு கேப்பாரேமா, இன்னாத்த மறைக்கறேன்னு?" என்றார்.  பெட்டி இல்லாதபோது மூடிய கதவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டி வந்த பிறகு, அதைக் கழற்றுவதற்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பின்விளைவை நான் எந்த வரைபடத்திலும் எழுதியிருக்கவில்லை.

அத்தை வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். வரி வரியாக விளக்கினேன். ஹார்ட்பீட் என்றால் என்ன, நான் எழுதியது எது, அண்ணன் சேர்த்தது எது என்று. மாமா படுத்தபடியே கேட்டார். "நம்ம பையனா? டீ குடிக்கப் போனாக் கண்டுபுடிப்பானே, அவனா?" என்றவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.  அத்தை என் தலையில் கைவைத்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "நீ சொல்லலன்னு இப்ப தெரிஞ்சிச்சுமா. ஆனா நீ சொன்னதாலதான மாட்டினோம்."

நான் இப்போது சென்னையில் வேறு வேலையில் இருக்கிறேன். என் கண் முன்னால் கடைசிவரை ஓடிக் காட்டாத எதைப் பற்றியும், இது இப்படித்தான் நடக்கும் என்று யாரிடமும் சொல்வதில்லை. கடைக்காரரிடமிருந்து அத்தைக்கு அடுத்த பாவு வரவில்லை. மாமாவால் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்க முடிகிறது, அதற்கு மேல் முடிவதில்லை. அத்தை காலையில் ஓரிக்கைக்குப் போய், வேறொருவர் வீட்டுத் தறியில் பக்கத்தாளாக உட்கார்ந்து ஒரு பக்கக் கரைக்கு நாடா போட்டுவிட்டு வருகிறார். வீட்டு விசேஷங்களில் அண்ணனைப் பார்க்கிறேன். பந்தியில் எதிரெதிரே உட்கார நேர்கிறது. சாம்பாரை அந்தப் பக்கம் அனுப்புங்கள் என்கிறேன், குழந்தைகளின் படிப்பைப் பற்றிக் கேட்கிறேன். இந்தக் குறிப்பு முழுவதும் அவரை அண்ணன் என்றே எழுதியிருக்கிறேன், எழுத்தில் வேறு சொல் அகப்படவில்லை. நேரில் அவரை நான் எந்த முறையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.